ஒரு கறுப்புக் கடலை

தண்ணீர் வந்துவிட்டது, அதனால் இப்போதைக்கு நான் பேக்கரிக்குப் போகவேண்டியதில்லை. கீழ்வீட்டு வசந்தாமணி அம்மா ஜன்னல் வழியாக, "தம்பி, நல்ல தண்ணி வந்துருச்சு, ஓஸ் போடுங்க" என்று கூப்பிட்டபோது எனக்கு வந்த நிம்மதியை வெளியே சொல்ல முடியாது. கோயம்புத்தூரில் எங்கள் தெருவுக்கு எட்டு நாளைக்கு ஒரு முறைதான் நல்ல தண்ணீர். ஒரு மணி நேரம் வரும், சில நாள் முக்கால் மணிதான், விட்டுவிட்டால் பதினொரு பேரும் அடுத்த எட்டு நாள் கேன் தண்ணீருக்கு அலைய வேண்டும். தண்ணீர் வரும்போது செக்ரட்டரி குழாயடியை விட்டு நகரக் கூடாது என்பது எட்டாம் நம்பர் வீட்டு விதி. நான்தான் செக்ரட்டரி, நானே விதியை மீறலாமா. குழந்தைவேலு மாடிப்படியில் நின்றுகொண்டு, "நான் புடிக்கறேன், நீ போய் அந்தப் பையன்கிட்டச் சொல்லிட்டு வந்துரு, பாவம் எட்டு மணில இருந்து உக்காந்திருக்கான்" என்றான். "வேண்டாம், ட்ரம்மைக் கழுவிட்டுப் பிடிக்கணும், நானே பாத்துக்கறேன்" என்றேன். ட்ரம்மை நேற்றே கழுவியாயிற்று. அவன் பார்க்கிறான் என்பதற்காகத் தேங்காய் நாரை எடுத்து மறுபடியும் ஒரு முறை தேய்த்தேன். அவன் மேலே போன பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தேன். நீல ட்ரம் மூன்று, அதற்கப்புறம் தரைக்கு அடியில் இருக்கிற தொட்டி. தொட்டி நிறைய அரை மணிக்கு மேல் ஆகும். அரை மணி நேரம் ஒரு மனிதனுக்கு யோசிக்கப் போதும், யோசிக்காமல் இருக்கத்தான் போதாது.

இந்த வீட்டை நடத்துவது என்றால் என்ன என்று எங்கள் ஊரில் யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் கல்லூரி விடுதியில் இடம் கிடைக்காத ஆறு பேர் சேர்ந்து இந்த மாடியை வாடகைக்குப் பிடித்தார்கள். அவர்கள் போய், அடுத்தவர்கள் வந்து, கைமாறிக் கைமாறி இப்போது எங்களிடம் இருக்கிறது. மூன்று அறை, ஒரு கூடம், சமையலறை, பன்னிரண்டு கட்டில். செக்ரட்டரி வேலை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சமையல் அக்கா வராத நாளில் யார் அரிசி களைவது, கேஸ் என்றைக்குத் தீரும், கீழ்வீட்டு அம்மாவின் கொடியில் எவன் ஜட்டியைக் காயப்போட்டான், இதற்கெல்லாம் பதில் வைத்திருப்பவன் செக்ரட்டரி. என்னைக் கேட்டால் ஒரு மாமியார் செய்கிற வேலை. ஆனால் ஒரு கட்டில் காலியாகிப் புது ஆள் சேருகிற நாளில் மட்டும் வீட்டுக்கு ஒரு கம்பீரம் வந்துவிடும். முதல் நாள் சாயங்காலம் மூட்டை அவிழ்ப்பது. வருகிறவன் கூடத்து நடுவில் உட்கார்ந்து, இதுவரை யாரிடமும் சொல்லாத ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். மார்க் கேட்கக் கூடாது, சாதி கேட்கக் கூடாது, அப்பா என்ன வேலை என்று கேட்கக் கூடாது. அந்த மூட்டை ஒன்றுதான். கேட்டதை அப்புறம் யாரும் திருப்பிப் பேசக் கூடாது. மறுநாள் காலை ஜாடி. ஆளுக்கு ஒரு வெள்ளைக் கொண்டைக்கடலை, ஒரு கறுப்புக் கொண்டைக்கடலை. மூடிய கையை ஊறுகாய் ஜாடிக்குள் விட்டு ஒன்றைப் போட வேண்டும். மற்றதை அதே மூடிய கையோடு கடலை டப்பாவுக்குள் போட்டுவிட வேண்டும். செக்ரட்டரி ஜாடியை எல்லோர் முன்னாலும் பேப்பரில் கவிழ்ப்பான். எல்லாம் வெள்ளை என்றால் ஆள் சேர்ந்தாயிற்று, அன்றைக்குச் சுண்டல். ஒன்றே ஒன்று கறுப்பு என்றாலும் இல்லை. யார் போட்டது என்று கேட்கக் கூடாது. போட்டவனே எழுந்து, என்னுடையது, இன்ன காரணம், எடுத்துக்கொள்கிறேன் என்று கூடத்தில் சொன்னால் மட்டும் அந்தக் கறுப்பு செல்லாது. அதையும் வந்தவனிடம் முடிவைச் சொல்வதற்கு முன்னால் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்து அப்படி எவனும் எழுந்ததில்லை. இன்று காலை பேப்பரில் விழுந்தது பத்து வெள்ளை, ஒரு கறுப்பு. கறுப்பு என்னுடையது. கவிழ்த்தவனும் நானேதான்.

முதல் ட்ரம் பாதி ஏறியிருக்கிறது. ஓஸ் பைப் வெயிலில் கிடந்ததால் முதலில் சூடாக வந்தது, இப்போது சில்லென்று வருகிறது, கால்விரலில் பட்டால் பல் கூசுகிறது. அவன் இப்போது என்ன செய்துகொண்டிருப்பான். தேங்காய் பன்னைப் பிய்த்துத் தின்றுவிட்டுக் கையைக் கால்சட்டையில் துடைத்திருப்பான். ஜாடி கவிழ்க்கும்போது வருகிறவன் வீட்டில் இருக்கக் கூடாது, தெருமுனை பேக்கரியில் பெட்டியோடு காத்திருக்க வேண்டும். செக்ரட்டரி நேரில் போய்ச் சொல்ல வேண்டும், போனில் சொல்லக் கூடாது. சரி என்றால் ஒன்றும் பேசாமல் அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். இல்லை என்றால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, நிதானமாகப் பேச வேண்டும். நானும் மூன்று வருஷத்துக்கு முன்னால் அங்கே உட்கார்ந்திருக்கிறேன், கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்து நாற்காலியில், செக்ரட்டரி டீ சொல்லிவிடுவாரோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு. அவர் பெட்டியைத் தூக்கினார். இந்தப் பையன் இசக்கித்துரைக்கு நான் டீ சொல்ல வேண்டும். அவன் டீ குடிப்பானா என்றுகூடத் தெரியாது. பொள்ளாச்சியில் ஒரு அத்தை வீட்டில் இருந்து பஸ்ஸில் வந்துபோய்க்கொண்டிருக்கிறான், போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி, முதல் பாடவேளை தினமும் போய்விடுகிறது. அத்தை வீட்டில் அடுத்த மாதம் கல்யாணம், அதற்குமேல் இருக்க முடியாது. விடுதி நிரம்பிவிட்டது. இந்த மாதக் கடைசிக்குள் இடம் கிடைக்காவிட்டால் படிப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், வந்து எலுமிச்சம்பழக் கமிஷன் கடையில் நில்லு என்று அவன் அப்பா சொல்லியிருக்கிறார். அவனே சொன்னான். சொல்லிவிட்டுச் சிரித்தான். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பார்க்க வந்தபோது ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் கொண்டுவந்தான். நாங்கள் பதினொரு பேரும் இரண்டு நாள் ஜூஸ் குடித்தோம். நானும் குடித்தேன். சர்க்கரை கொஞ்சம் கூடப் போட்டுக் குடித்தேன்.

புளியங்குடிப் பையன். என் ஊர்க்காரன், அதுதான் வந்த வினை. வேறு எந்த ஊர்க்காரன் வந்திருந்தாலும் நான் வெள்ளையைப் போட்டுவிட்டுச் சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருப்பேன். நான் மூட்டை அவிழ்த்த சாயங்காலத்தை நினைக்கக் கூடாது என்று நினைக்கும்போதெல்லாம் அதுதான் முன்னால் வந்து நிற்கிறது. அந்த வருஷம் மூன்று கட்டில் காலி. முதலில் குழந்தைவேலு அவிழ்த்தான். அவன் சொன்னதை நான் மனதுக்குள்கூடத் திருப்பிச் சொல்லக் கூடாது, விதி. கேட்டவர்களில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், அதை மட்டும் சொல்லலாம். அடுத்தவன் சொன்னதும் அப்படித்தான். அடுத்தது என் முறை. எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. உண்மையிலேயே ஒன்றும் இல்லை. அப்பாவுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை, அம்மா வீட்டில், அண்ணன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான், மூன்று பேருக்கும் என்மேல் பிரியம். கால் ஒடிந்ததில்லை, பரீட்சையில் தோற்றதில்லை, ஒரு பெண்ணுக்குக் கடிதம் கொடுத்து அடி வாங்கியதில்லை. பதினெட்டு வருஷம் வாழ்ந்து ஒரு துக்கம்கூடச் சேர்த்துவைக்காமல் வந்து உட்கார்ந்திருக்கிறேன், எதிரே இத்தனை பேர் ஈரக் கண்ணோடு என்னைப் பார்க்கிறார்கள். வெறுங்கையோடு கல்யாண வீட்டுக்குப் போனவன் நிலைமை. வாய் தானாகத் திறந்தது. எனக்கு ஒரு அண்ணன் இருந்தான் என்றேன். இருந்தான் என்று சொன்ன அந்த நிமிஷத்தில்கூட நான் எதையும் முடிவு செய்திருக்கவில்லை. இருந்தான் என்று சொன்னபிறகு அவனை என்ன செய்வது. கிணற்றில் தள்ளினேன். நான் வழுக்கி விழுந்தேன், என்னைக் காப்பாற்ற அவன் குதித்தான், நான் மோட்டார் பைப்பைப் பிடித்து ஏறிவிட்டேன், அவன் ஏறவில்லை என்றேன். பைப்பில் பாசி வழுக்கியது என்றுகூடச் சொன்னேன். அந்தக் கிணறு உண்மை, அந்தப் பைப் உண்மை, பாசியும் உண்மை. அந்தக் கிணற்றில்தான் அண்ணன் என் இடுப்பில் கயிற்றைக் கட்டி எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தான்.  நானும் அழுதேன், அது நடிப்பில்லை, நிஜமாகவே அழுகை வந்தது, என்னத்துக்கு வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. மறுநாள் ஜாடியில் எல்லாம் வெள்ளை.

இரண்டாவது ட்ரம்முக்கு மாற்றினேன். வசந்தாமணி அம்மா வெளியே வந்து, "மெதுவா வருதே, எதுத்த வீட்ல மோட்டார் போட்டு உறிஞ்சறாங்களோ என்னமோ" என்று அலுத்துக்கொண்டு உள்ளே போனார். மெதுவாகவே வரட்டும். பொய் சொன்னது ஒரு நாள் வேலை. அதற்குப் பிறகு அதை இந்த வீடு வளர்த்ததே, அதுதான் தாங்க முடியவில்லை. மூட்டையைப் பற்றிப் பேசக் கூடாது, ஆனால் அன்பு காட்டக் கூடாது என்று விதியில்லையே. ஆழியாறுக்குப் போனபோது எல்லோரும் தண்ணீரில் குதித்தார்கள், குழந்தைவேலு மட்டும் பாறையில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். பவானிக்காரன், ஆற்றிலேயே பிறந்து வளர்ந்தவன். "நீ போடா" என்றேன். "எனக்குச் சளி" என்றான். எனக்குத் தண்ணீரில் குதிக்க உடம்பெல்லாம் பரபரத்தது. நீச்சல் தெரியாதவன் மாதிரி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுபடி ஒருநாள் அண்ணனுக்கு என்ன பிடிக்கும் என்று ஒருவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். உளுந்தங்களி என்று சொல்லித் தொலைத்தேன். அதுவும் உண்மை. எந்த மாதம் என்று கேட்டான், புரட்டாசி என்றேன். அவ்வளவுதான், ஒவ்வொரு புரட்டாசியிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த வீட்டில் உளுந்தங்களி. யாரும் காரணம் சொல்ல மாட்டார்கள், கிண்டி முதல் உருண்டையை என் தட்டில் வைப்பார்கள், நல்லெண்ணெய் ஊற்றுவார்கள், ஒன்றும் பேசாமல் சாப்பிடுவார்கள். போன புரட்டாசியில் நான் அதைப் பிட்டு வாயில் வைக்கும்போது போன் அடித்தது. அண்ணன். பால்கனிக்குப் போய்ப் பேசினேன். "என்னலே சாப்பாடு?" என்றான். களி என்றேன். "எனக்கு வச்சிருக்கியா?" என்று கேட்டுவிட்டு அவனே சிரித்தான். தனக்கு வைத்த களி என்று அவனுக்குத் தெரியாது. திரும்பி வந்து மிச்சத்தையும் தின்றேன். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கவும் செய்தேன். அண்ணன் மூன்று வருஷமாகக் கேட்கிறான், ஒரு எட்டு வந்து உன்னைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று. வெளியாட்கள் தங்கக் கூடாது என்பது வீட்டு விதி என்று சொல்லிவைத்திருக்கிறேன். அப்படி ஒரு விதியே கிடையாது. ரொம்ப யோக்கியமான வீட்டில் விதிகளைச் சொல்லிப் பொய் சொல்வது சுலபம்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் எலுமிச்சம்பழப் பையோடு வாசலில் நின்றபோது, நல்ல வேளை, கதவைத் திறந்தது நான். "அண்ணே, நீங்க சங்கரலிங்கண்ணன் தம்பிதான? அண்ணன்தான் என்னய பஸ் ஏத்திவிட்டாவ. எங்க தம்பி அங்கதான் பெரிய ஆளா இருக்கான், போய்ப் பாரு, எடம் பாத்துத் தருவாம்னு சொன்னாவ" என்றான். என் அண்ணன் அனுப்பிய ஆள். நான் கிணற்றில் தள்ளியவன் ஏறி வந்து ஆள் அனுப்பியிருக்கிறான்.  அவனைக் கேட்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போய், "இங்க பாரு தம்பி, இந்த வீட்ல ஊர்க்கதை பேசக் கூடாது, ரூல்ஸ். என்னயத் தெரியும்னும் சொல்லாத. சிபாரிசுன்னு நெனச்சிருவாங்க" என்றேன். அவன் உடனே தலையாட்டினான். "சரிண்ணே" என்றான். ஏன் என்று கேட்கவில்லை, முகத்தில் ஒரு சந்தேகம்கூட இல்லை. நேற்று கூடத்தில் யாரோ என்னைக் காட்டி, உனக்குக் கோமதிநாயகத்தைத் தெரியுமா, ரெண்டு பேரும் ஒரே ஊராச்சே என்று கேட்டபோது அவன் என்னைப் பார்த்தான். பிறகு, "ஊரு பெருசுல்லாண்ணே" என்றான். எனக்காக ஒரு பொய், அதுவும் பொய் மாதிரி இல்லாமல். அவனைச் சேர்த்தாலும் அவன் பேசியிருக்க மாட்டான். இதை நான் நேற்றே பார்த்துவிட்டேன். அப்புறம் எதற்கு இன்று காலை கறுப்பு. பயத்தில் போட்டேன் என்றுதான் இவ்வளவு நேரமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். என்றைக்காவது ஒருநாள் வாய் தவறி அண்ணன் பெயரைச் சொல்லிவிடுவான், அம்மா போன் செய்தால் எடுத்துவிடுவான், ஊருக்குப் போய் வந்து அண்ணன் கொடுத்தனுப்பியதென்று ஒரு பையைக் கூடத்தில் வைத்துவிடுவான், இப்படி. எல்லாம் நடக்கக்கூடியதுதான். பயம் இருக்கத்தான் செய்தது. ஆனால் ஜாடிக்குள் கையை விட்டபோது நான் அதை நினைக்கவில்லை. அவன் மூட்டையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் மூட்டையை மனதுக்குள் அவிழ்க்கலாம், அதில் ஒன்றும் இல்லை. கூடத்து நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். காதைச் சொறிந்தான். யாரிடமும் சொல்லாத விஷயம் சொல்ல வேண்டும் என்று குழந்தைவேலு விளக்கினான். அவன் ரொம்ப நேரம் யோசித்தான், மேலே மின்விசிறியைப் பார்த்து யோசித்தான். அப்புறம், "அப்படி ஒண்ணும் இல்லண்ணே. எல்லாத்தையும் எங்க அம்மைட்ட சொல்லிருவேன்" என்றான்.  முதலில் திருமூர்த்தி சிரித்தான், திருமூர்த்தி சிரிப்பது மாதத்துக்கு ஒரு முறை. எல்லோரும் சிரித்தார்கள். குழந்தைவேலு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, "சரி, ஒண்ணும் இல்லைன்னா ஒண்ணும் இல்லைதான், என்ன இப்போ" என்றான். அவ்வளவுதான். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஒண்ணும் இல்லை என்று சொல்லிவிட்டுக் காதைச் சொறிந்தால் போதும், பத்துப் பேர் வெள்ளையைப் போட்டிருப்பார்கள். எனக்கும் அன்றைக்குப் போட்டிருப்பார்கள். என் அண்ணனை நான் கிணற்றில் தள்ளியிருக்கவே வேண்டாம். எனக்கு அவன்மேல் வந்தது பயமில்லை, எரிச்சல். மூன்று வருஷம் சுமந்ததை ஒருவன் ஒரு சிரிப்பில் அவசியமே இல்லாததாக ஆக்கிவிட்டுப் போனால் எரியாதா. அந்த எரிச்சலில் ஒரு பையனைக் கமிஷன் கடைக்கு அனுப்பப் பார்த்திருக்கிறேன். இதைக் காரணம் என்று கூடத்தில் எழுந்து சொல்ல முடியுமா. டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம், யாருக்கும் தெரியாது, இன்னும் எட்டு மாதம், பரீட்சை முடிந்தால் நானும் போய்விடுவேன். அண்ணனிடம் இடம் இல்லை என்று சொல்லிவிடலாம். சரி, அவ்வளவுதானே என்பான் அண்ணன், அவன் எதற்கும் கோபப்பட மாட்டான்.

ஓஸைத் தொட்டிக்குள் விட்டேன். மேலே குரல்கள் கேட்க ஆரம்பித்தன. கூடத்து ஜன்னல் சரியாகக் குழாய்க்கு மேலே இருக்கிறது, கொஞ்சம் சத்தம் போட்டால் எல்லாம் இறங்கி வரும். "உன் ரூம்ல தான காலிக் கட்டில்? நீதான புது ஆள் வேண்டாம்னு போன வாரம் மொணங்குனே?" என்று ஒருவன். "மொணங்குனா? நான் போட்டன்னு அர்த்தமா? யாரு போட்டதுன்னு கேக்கக் கூடாதுன்னு ரூல்ஸ் இருக்குதல்ல?" என்று திருமூர்த்தியின் குரல், அவன் குரல் உடைந்தால் கொஞ்சம் கீச்சென்று போகும். "நேத்து அப்படிச் சிரிச்சிட்டு இன்னிக்கு இப்படிப் பண்ணலாமா?" என்று இன்னொருவன். குழந்தைவேலு, "விடுங்கடா, விடுங்க" என்கிறான். இருபத்து மூன்று வருஷத்தில் ஜாடிக்கு அப்புறம் யாரும் யாரையும் கேட்டதில்லை என்பார்கள், பழைய ஆட்கள் வரும்போதெல்லாம் அதைத்தான் பெருமையாகச் சொல்வார்கள். அதுவும் என் காலத்தில் போயிற்று. திருமூர்த்தி நேற்றுச் சாயங்காலமே அந்தக் காலிக் கட்டிலில் கிடந்த தன் துணிகளையெல்லாம் எடுத்து மடித்துவைத்துவிட்டான். நான் பார்த்தேன். நான் ஒருவன்தான் பார்த்தேன். இப்போது மேலே போய், அவனில்லை, விடுங்கள் என்று சொன்னால் எப்படித் தெரியும் என்பார்கள். தொட்டிக்குள் தண்ணீர் விழும் சத்தம் மெலிந்தது. ஓஸைத் தூக்கிப் பார்த்தேன், விரல் கனத்துக்கு வந்தது, கயிறு கனத்துக்கு வந்தது, சொட்டியது, நின்றுவிட்டது. தொட்டி முக்கால்கூட நிறையவில்லை. மூடியை இழுத்து மூடினேன். ஓஸைச் சுருட்டி ஆணியில் மாட்டினேன். கேட்டுக்குப் போக இடது பக்கம் திரும்ப வேண்டும், மாடிப்படிக்கு வலது பக்கம். பேக்கரிக்குப் போகத்தான் நினைத்தேன். செருப்பு மேலே இருந்தது.

கூடத்தில் பேப்பர் விரித்தபடி கிடந்தது. திருமூர்த்தி சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். மற்றவர்கள் அவனைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். "சொல்லிட்டியா?" என்று குழந்தைவேலு கேட்டான். "இல்ல" என்றேன். செருப்பைக் கையில் எடுத்துவிட்டேன். அதைக் கையில் வைத்துக்கொண்டே, "அந்தக் கறுப்பு என்னது. எடுத்துக்கிடுதேன்" என்றேன். ஊர்ப்பேச்சு வந்துவிட்டது. இந்தக் கூடத்தில் நான் அப்படிப் பேசுவதில்லை. திருமூர்த்தி திரும்பிப் பார்த்தான். காரணம் சொல்ல வேண்டும், நான் வாயைத் திறப்பதற்குள் குழந்தைவேலு எழுந்து வந்து என் தோளில் கை போட்டான். "எனக்குப் புரியுதுடா. உங்க ஊர்ப் பையன். அவனப் பாத்துட்டே இருந்தா உங்கண்ணன் நெனப்பு வரும். அதான? இதுல தப்பென்ன இருக்குது. காரணமெல்லாம் சொல்ல வேண்டாம், விட்ருங்கடா அவன" என்றான். எல்லாத் தலைகளும் அசைந்தன. திருமூர்த்தி தலைகூட. எவ்வளவு சுலபம். கறுப்பும் செல்லாது, பையனும் வந்துவிடுவான், அவனும் பேச மாட்டான், அண்ணன் கிணற்றிலேயே கிடப்பான், வருகிற புரட்டாசிக்குக் களி. நான் தலையை ஒரு முறை ஆட்டினால் போதும். ஆட்டப் பார்த்தேன், அதுதான் நிஜம். அந்தக் கை தோளில் இருந்தது, அவன் கட்டைவிரலால் லேசாகத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தான், அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"எங்கண்ணன் சாகல" என்றேன். "உயிரோட இருக்கான். புளியங்குடில லோடு ஆட்டோ ஓட்டுதான். நான் பொய் சொன்னேன்." ஒருவன் சிரித்தான், புரியாமல் சிரித்தான், பாதியில் நிறுத்திவிட்டான். "என்றா சொல்றே?" என்றான் குழந்தைவேலு. "சாகல" என்றேன். கை தோளிலிருந்து இறங்கியது. அவன் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருந்தால் தேவலை. அவன் திருமூர்த்தி பக்கம் திரும்பி, "நீ போய் அந்தப் பையனக் கூட்டிட்டு வா, பொட்டிய நீ தூக்கிக்க" என்றான். திருமூர்த்தி ஓடினான். பிறகு குழந்தைவேலு என்னிடம், "போன் போடு" என்றான். "யாருக்கு?" "உங்கண்ணனுக்கு. ஸ்பீக்கர்ல போடு." போனை எடுத்தேன். யார் கண்ணிலும் படக் கூடாதென்று அண்ணன் எண்ணுக்குச் சித்தப்பா என்று பெயர் வைத்திருக்கிறேன், திரையில் அது பெரிதாக வந்தது, அதையும் எல்லோரும் பார்த்தார்கள். நாலு முறை அடித்த பிறகு எடுத்தான். பின்னால் வண்டிச் சத்தம். "எலே, என்ன இந்நேரம் கூப்பிடுத? ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்றான் அண்ணன்.  குழந்தைவேலு போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். "வணக்கமுங்ணா. நான் குழந்தைவேலுங்க, உங்க தம்பி கூடத் தங்கியிருக்கறவன்" என்றான். "பவானித் தம்பியா? சொல்லிருக்கான், சொல்லிருக்கான்" என்றான் அண்ணன், சந்தோஷமாக. "நானும் ஒரு எட்டு வந்து ஒங்கள எல்லாம் பாக்கணும்னு மூணு வருசமாச் சொல்லுதேன், இவன் பிடி குடுக்க மாட்டேங்கான். இசக்கித்துரைன்னு நம்ம பையன் ஒருத்தன அனுப்பினேனே, வந்தானா?" குழந்தைவேலு படிப் பக்கம் பார்த்தான். "வந்துட்டு இருக்கானுங்ணா" என்றான். "நல்லதுப்பா. அவனப் பாத்துக்கிடுங்க" என்றான் அண்ணன். வண்டியை அணைத்தான் போலிருக்கிறது, சத்தம் நின்று அவன் குரல் பக்கத்தில் வந்தது. "எங்க தம்பி எப்படி, அங்க ஒழுங்கா நடந்துக்கிடுதானா?" படியில் இரண்டு பேர் ஏறி வரும் சத்தம் கேட்டது. குழந்தைவேலு என்னைப் பார்த்தபடி நின்றான். அண்ணன், "தம்பி, லைன்ல இருக்கியா?" என்று மறுபடியும் கேட்டான்.